பத்து சதவீதத்தின் தந்தை

செப்டம்பர் 24

இந்த டைரியைப் பூட்டுக் கட்சிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் அவர்கள் தலைவர் பொன்னுரங்கம் ஐயா கும்பிட்டபடி நிற்கிறார். ஒன்பது மாதமாக மளிகைச் சாமான் எழுதத்தான் இது பயன்பட்டது. இன்றிலிருந்து ஒழுங்காக எழுதலாம் என்று இருக்கிறேன். மனசில் கிடப்பதை எங்காவது கொட்டியாக வேண்டும். அது அக்கம்பக்கத்துக்குக் கேட்காத இடமாகவும் இருக்க வேண்டும்.

நான் சந்தனமாரி. கொன்றையாபுரம் நகராட்சியில் கொசு ஒழிப்புப் பணியாளர். ஒப்பந்த வேலைதான், ஆனால் ஏழு வருஷ அனுபவம். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, டார்ச்சும் மருந்துப் பாட்டிலுமாக ஒரு நாளைக்கு ஐம்பது வீடு ஏறி இறங்குவேன். தொட்டி, டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூச்சாடி, மொட்டை மாடி டயர் என்று ஒன்றையும் விடமாட்டேன். "கொசுக்காரம்மா வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் கத்தும். வேறு யாருக்கும் திறக்காத கொல்லைக்கதவு எனக்குத் திறக்கும். தொட்டியை எட்டிப் பார்க்கிற நேரத்தில் நாலு வார்த்தை பேசுவேன். பேசாமல் போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாள் என்பார்கள்.

இப்போது ஊரில் உள்ள பிரச்சினை இதுதான். நகர்மன்றத்தில் ஜாடிக் கட்சிக்குப் பன்னிரண்டு பேர், பூட்டுக் கட்சிக்குப் பன்னிரண்டு பேர். தலைவரைக் குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள். ஜாடிக் கட்சி ஜெயசுதா மேடம் பெயர் வந்தது. சீட்டைக் குலுக்கிய டப்பா சரியில்லை என்று பொன்னுரங்கம் ஐயா இன்றுவரை சொல்கிறார். நகராட்சியில் வரவு குறைந்துவிட்டதால் செலவைக் குறைக்க வேண்டும். ஊர் வாசலில் கட்டப்போகும் வளைவை நிறுத்து என்கிறது ஜாடி. மேடம் பதவியேற்ற இரண்டாம் ஆண்டு விழாவை நிறுத்து என்கிறது பூட்டு. இரண்டு பேரும் அசையவில்லை. அதனால் ஜூலையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். செப்டம்பர் முப்பதுக்குள் ஒத்துப்போகாவிட்டால் எல்லாச் செலவுத் தலைப்பிலும் பத்து சதவீதம் தானாகவே வெட்டு விழும். இப்படி ஒரு கிறுக்குத்தனமான வெட்டை எவனும் விரும்ப மாட்டான், அந்தப் பயத்திலேயே பேசி முடித்துவிடுவார்கள் என்பதுதான் கணக்கு.

எங்கள் பிரிவில் நாற்பது பேர். பத்து சதவீதம் என்றால் கடைசி நாலு பேர். வரிசையில் நான் முப்பத்தேழாவது ஆள். என் ஜோடி ரஹ்மத் அக்கா நாற்பதாவது.

இந்த யோசனையை யார் சொன்னார்களோ தெரியாது. பல் வலிக்கிறது, தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 27

ஆசாரிமார் தெருவில் முப்பத்திரண்டு வீடு. ஏழில் கொசுப்புழு இருந்தது.

ரஹ்மத் அக்கா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். "எவனுக்குடி இப்படி ஒரு புத்தி போச்சு? தானா வெட்டுமாம்ல, தானா! அவன் சோத்துல தானா உப்பு அள்ளிப் போடணும்."

"விடுக்கா, ரெண்டு பேரும் பேசி முடிச்சிருவாங்க" என்றேன்.

"முடிக்காட்டி? நான் திருப்பூருக்குத்தான் போகணும். தங்கச்சி கம்பெனியில ஆளெடுக்குதாம். நிலோஃபர் பிளஸ் டூ. பாதி வருஷத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல மாரி சேப்பாங்க?"

புருஷன் போனபின் அக்கா இந்த வேலையில்தான் நிமிர்ந்தாள். நிலோஃபர் பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பிள்ளை. பரீட்சைக்கு இன்னும் ஐந்தே மாதம். அடுத்த வீட்டு டிரம்மில் தலையை விட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 29

என் வீட்டுக்காரர் லிங்கதுரை ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். போஸ்டரும் அங்கேதான் அடிக்கிறார்கள். காலையில் ஜாடிக்காரர்கள் வந்து, "வெட்டைக் கொண்டுவந்த பூட்டே, வெளியேறு!" என்று ஆர்டர் கொடுத்தார்களாம். மத்தியானம் பூட்டுக்காரர்கள் வந்து, "வெட்டைக் கொண்டுவந்த ஜாடியே, வெளியேறு!" என்று கொடுத்தார்களாம்.

"எனக்கு வேலை மிச்சம். ஒரு வார்த்தையத்தான் மாத்தணும். ஆனா கீழ போடுற தலைங்கதான் உயிரெடுக்குது. வட்டச் செயலாளர் தல, ஒன்றியத் தலையவிட ஒரு நூல் பெரிசாயிடுச்சுன்னு மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் இவர்.

"அதுல யார் யோசனைன்னு போட்டுருக்கா?" என்று கேட்டேன்.

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பருப்பைக் கடையப் போய்விட்டேன்.

அக்டோபர் 1

பேசி முடிக்கவில்லை. நேற்று இரண்டு கட்சியும் கூட்டத்துக்கே வரவில்லை. மற்றவர் பயந்து ஓடிவருவார் என்று இரண்டு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்களாம்.

வெட்டு விழுந்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் இந்த மாதம் முப்பத்தொன்று வரைக்கும்தான். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வீட்டுக்குப் போகலாம்.

அக்டோபர் 2

விடுமுறை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 6

புதிதாக வந்திருக்கும் ஆணையர் சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். பத்து சதவீதம் என்றால் பத்து சதவீதம்தான். தெருவிளக்கில் பத்துக்கு ஒன்றை அணைத்துவிட்டார்கள். பூங்காவில் பத்து ஊஞ்சலில் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். மின் தகனமேடைக்குப் பத்து நாளில் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்குச் செத்துவிடக் கூடாது என்று டீக்கடையில் ஒருவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

கொசுப்புகை வண்டி ஒன்பது தெருவுக்கு அடித்துவிட்டுப் பத்தாவது தெருவை விட்டுவிடுகிறது. அந்தத் தெருவுக்காரர்கள் ஒன்பதாவது தெருவில் வந்து நின்று புகையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மழை பிடித்துவிட்டது. போன வருஷம் இந்நேரம் பெரியாஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டிருந்தார்கள். இந்த வருஷம் நாலு பேர் குறைந்தால் எந்தெந்த வீடு விட்டுப்போகும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். கிழக்கே கடைசி நாலு தெரு.

அக்டோபர் 9

இன்று நான் சிரித்த சிரிப்பில் விலா எலும்பு வலிக்கிறது. சிரித்திருக்கக் கூடாதுதான்.

ஜூலையில் தீர்மானம் போட்டபோது இரண்டு கட்சியுமே மார்தட்டிக்கொண்டன. "சிக்கனத்துக்கு வழி கண்ட எங்கள் அண்ணன்" என்று பூட்டு போஸ்டர் அடித்தது. "செலவைக் குறைக்கச் சிந்தித்த எங்கள் அக்கா" என்று ஜாடி அடித்தது. இரண்டையும் போட்டது இவர்தான். இப்போது அவசரத்தில் அந்தப் பழைய பூட்டு போஸ்டரை எடுத்து, மேலே இருந்ததை அழித்துவிட்டு, "பத்து சதவீதப் பாவிகளே, பதில் சொல்லுங்கள்!" என்று மாற்றியிருக்கிறார். தலைகளின் சைஸை மூன்று தடவை சரிபார்த்தவர், அடியில் இருந்த ஒரு வரியைப் பார்க்க மறந்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்க மேலே பாவிகளே என்று இருக்கிறது. நடுவில் பொன்னுரங்கம் ஐயா விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கீழே சிவப்பு எழுத்தில், "பத்து சதவீதத் திட்டத்தின் தந்தை பொன்னுரங்கம் வாழ்க!"

ஜாடிக்காரர்கள் ஒவ்வொரு போஸ்டருக்கும் மாலை போட்டார்கள். பூட்டுக்காரர்கள் கடைக்கு வந்து, ஜாடி உனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று இவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். இவர் கம்ப்யூட்டரைத் திறந்து, ஜூலையில் ஜாடி கொடுத்த டிசைனைக் காட்டியிருக்கிறார். அதிலும் அதே வரி இருந்தது. தந்தைக்குப் பதில் தாய், பொன்னுரங்கத்துக்குப் பதில் ஜெயசுதா. அவ்வளவுதான் வித்தியாசம். அதை அப்படியே போட்டோ பிடித்து ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். சட்டையில் இரண்டு பட்டன் போனதோடு இவர் தப்பித்தார்.

பட்டன் தைக்கும்போது இவர் மெதுவாகக் கேட்டார். "மாரி, நீ எதுக்கு இந்த மாசமெல்லாம் டிவி பக்கமே வரமாட்டேங்குற?"

"கண்ணு வலிக்குது" என்றேன்.

அக்டோபர் 12

தந்தையா தாயா என்பதுதான் இப்போது ஊர்ப் பேச்சு. "முதல்ல சொன்னது அவங்கதான். எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னே ஞாபகமில்ல, யாரோ காதுல போட்டாங்க" என்று ஜெயசுதா மேடம் லோக்கல் டிவியில் சொன்னார். பொன்னுரங்கம் ஐயாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். இரண்டு பேருமே பொய் சொல்வதாக ஊர் சிரிக்கிறது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

யார் முதலில் சொன்னது என்று முடிவுகட்ட இருபத்தொன்பதாம் தேதி சிறப்புக் கூட்டமாம். வெட்டை எடுப்பதற்கு இல்லை, யார் பெயரை எழுதுவது என்பதற்கு.

அக்டோபர் 15

எழுதிவிடுகிறேன். டைரியிடமே பொய் சொன்னால் வேறு எங்கே போவது?

என் வீட்டில் தர்ஷினிக்குப் பதிமூன்று வயது, பவித்ராவுக்குப் பத்து. ரிமோட்டுக்குச் சண்டை. ஒருத்தி முடியை ஒருத்தி பிய்ப்பாள். மே மாதம் ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் சொன்னேன். "ஏழு மணிக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரணும். இல்லன்னா ரிமோட்டு பீரோவுக்குள்ள போயிடும், நாளைக்கு வரைக்கும் யாருக்கும் டிவி கிடையாது." முதல் மூன்று நாள் ரிமோட் பீரோவில் இருந்தது. நாலாவது நாள் ஆறே முக்காலுக்கே முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதிலிருந்து வீடு நிம்மதியாக இருக்கிறது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜூனில் ஜெயசுதா மேடம் வீட்டில் தாமரைத் தொட்டியைப் பார்க்கப் போனேன். புழு நெளிந்துகொண்டிருந்தது. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா செய்றது, அந்த ஆளு ஒண்ணுக்கும் ஒத்துவர மாட்டேங்குறாரு" என்றார். நான் மருந்தை ஊற்றிக்கொண்டே என் ரிமோட் கதையைச் சொன்னேன். மேடம் ரொம்ப ரசித்து, காப்பி கொடுத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுநாள் பொன்னுரங்கம் ஐயா வீட்டு மாடி. அவரும் அதே மாதிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் சொன்னேன். அங்கே முறுக்கு கொடுத்தார்கள்.

அந்த முறுக்கை ரஹ்மத் அக்காவோடு பாதி பாதி தின்றேன். எதற்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அக்டோபர் 18

கிழக்குத் தெருக்களில் இன்று இருபது வீட்டில் ஒன்பதில் புழு. ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். எங்கள் சுகாதார ஆய்வாளர் தாமோதரன் சாருக்குப் போன் பண்ணி ரத்தம் எடுக்க ஆள் வரவழைத்தேன். சாயங்காலம் முடிவு வந்தது, சாதாரணக் காய்ச்சல்தான். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வருவீங்கல்ல?" என்றாள்.

வருவேன் என்றேன். முப்பத்தொன்றுக்கு அப்புறம் எப்படி வருவேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 21

இன்று கொட்டித் தீர்த்த மழை. ஆபீஸில் உட்கார்ந்து, வீடு வீடாகத் தேதி போட்ட பழைய அட்டைகளை அடுக்கினோம். தாமோதரன் சார் பஜ்ஜி வாங்கித் தந்தார். பஜ்ஜியும் பத்து பேருக்கு ஒன்பதுதான் என்று யாரோ சொல்லிவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 23

ரஹ்மத் அக்கா நிலோஃபருக்கு டிசி வாங்க மனு எழுதியிருக்கிறாள். சரியாக இருக்கிறதா பார் என்று என்னிடம் கொடுத்தாள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று நிலோஃபரே எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து.

"பிள்ள ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"ஒரு வார்த்த சொல்லல. புஸ்தகத்த எல்லாம் அட்டப்பெட்டியில அடுக்குறா. அழுதாக்கூட பரவால்ல மாரி."

எனக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. கோழை நான். ஐம்பது வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், பேச வேண்டிய ஒரே ஒரு ஆளிடம் ஊமையாக நின்றேன்.

அக்டோபர் 26

சிறப்புக் கூட்டத்தில் நாங்கள் ஒரு மனு வாசிக்கலாம் என்று ஆணையர் அனுமதி கொடுத்திருக்கிறார். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதாம். நாற்பது பேரும் சேர்ந்து என்னை வாசிக்கச் சொன்னார்கள். "உனக்குத்தான் மைக்கே தேவையில்ல" என்றாள் ரஹ்மத் அக்கா.

மனுவோடு இணைக்க ஜூலைத் தீர்மானத்தின் நகல் கொடுத்தார்கள். இதுவரைக்கும் அதை நான் பார்த்ததே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசித்தேன். எல்லாத் தலைப்பிலும் பத்து சதவீதம் என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "உறுப்பினர்களின் அமர்வுப் படித்தொகை, தலைவரின் வாகனம், மன்ற அரங்கின் குளிர்சாதனம் மற்றும் தேநீர்ச் செலவு நீங்கலாக."

அதை இரண்டு தடவை வாசித்தேன். அப்புறம் இவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்.

"ஏங்க, ரிமோட்ட பீரோவுல வச்ச மூணு நாளும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? கிரிக்கெட்டு போச்சு. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா ஸ்கோரு கேட்டேன்."

"நான்?"

"நீயும்தான் சீரியல் பாக்காம உர்ருன்னு இருந்த. குழம்புல உப்பே இல்ல."

அதுதான். அந்தப் பாதியை நான் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. எனக்கும்தான் டிவி போச்சு என்று சொன்னால் கதையில் என் கெத்து குறையும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 29

இன்றே எழுதிவிட வேண்டும்.

மன்ற அரங்கில் ஏசி காற்று சில்லென்று இருந்தது. ஒரு பக்கம் ஜாடி, எதிர்ப்பக்கம் பூட்டு. நடுவில் மேடம், பக்கத்தில் ஆணையர். ஒரு மணிநேரம் தந்தை தாய் என்று கத்தினார்கள். ஒருத்தர் போஸ்டரைத் தூக்கிக் காட்டினார், இன்னொருத்தர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். அப்புறம்தான் ஆணையர் என் பெயரைக் கூப்பிட்டார். ரஹ்மத் அக்காவும் மற்றவர்களும் பின்னால் வாசலோரம் நின்றார்கள்.

மனுவை விரித்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க இங்க யாரும் சண்ட போட வேண்டாம். இந்தப் பத்து சதவீதத்த முதல்ல சொன்னது நான்தான்."

யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"மேடம், ஜூன் மாசம் உங்க தாமரத் தொட்டிக்குப் பக்கத்துல வச்சு ரிமோட்டு கத சொன்னேனே, ஞாபகம் இருக்கா? காப்பி குடுத்தீங்க. ஐயா, மறுநாள் உங்க மாடியில சொன்னேன். முறுக்கு குடுத்தீங்க."

மேடம் மேலே ஏசியைப் பார்த்தார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்துவிட்டது என்று இருபத்து நாலு பேருக்கும் தெரிந்தது.

"ஆனா நான் பாதிதான் சொன்னேன். மீதி இதுதான். எங்க வீட்ல ரிமோட்டு பீரோவுக்குள்ள போனா, எனக்கும் டிவி கிடையாது. எங்க வீட்டுக்காரருக்கும் கிடையாது. அதனாலதான் நாங்க நிஜமாவே அதுங்க சண்டைய தீத்து வச்சோம். நீங்க வெட்டுன வெட்டுல ஊஞ்சல் போச்சு, லைட்டு போச்சு, நாங்க நாலு பேரு போறோம். உங்களுக்கு என்ன போச்சு? கடைசியில ஒரு வரி இருக்கு, 'நீங்கலாக'ன்னு. அத மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவ வெட்டுங்க. அப்புறமும் ஒத்துப்போகலன்னா நாங்க ஒரு வார்த்த பேசாம வீட்டுக்குப் போயிடுறோம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரஹ்மத் அக்கா முகத்தைப் பார்க்கப் பயம்.

பொன்னுரங்கம் ஐயாதான் முதலில் எழுந்தார். மேடத்தை மடக்கிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ. "நாங்க ரெடி! அந்த வரிய எடுங்க! தலைவர் வண்டிய விட்டு எறங்கி நடக்கட்டும்!"

மேடம் விடுவாரா? "நாங்களும் ரெடி! உங்காளுங்க படி வாங்காம ஒரு நாள் வந்து உக்காருங்க பாக்கலாம்!"

"அப்ப ஏகமனதா நிறைவேறியதா எழுதிக்கலாமா?" என்றார் ஆணையர்.

இரண்டு பேரும் ஆமாம் என்று கத்திவிட்டார்கள். பின்னால் இருந்த உறுப்பினர்கள் வேட்டி நுனியையும் சேலைத் தலைப்பையும் பிடித்து இழுத்ததைக் கவனிக்கவே இல்லை. ஆணையர் எழுதி, கையெழுத்துப் போட்டு, மணியடித்து ஆளைக் கூப்பிட்டார். பத்தில் ஒரு பங்கை எப்படி நிறுத்துவது என்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார் போல. பத்துக் கூட்டத்தில் ஒன்றுக்கு, அதாவது இன்றைய கூட்டத்துக்கு, ஏசி கிடையாது, தேநீர் கிடையாது. இந்த மாதம் மூன்று நாள் தலைவர் வண்டி ஷெட்டில் நிற்கும், அதில் முதல் நாள் இன்று. மேடத்திடம் சாவியை மரியாதையாகக் கேட்டு வாங்கினார்.

அந்த அரங்கில் ஜன்னல் கிடையாது. ஐந்தாவது நிமிஷம் ஒருவர் நோட்டால் விசிறிக்கொண்டார். பத்தாவது நிமிஷம், நாலு மணி டீ எங்கே என்று ஒரு குரல் பரிதாபமாகக் கேட்டது. அதற்கு அப்புறம் நடந்த மாதிரி ஒரு பேச்சுவார்த்தையை இந்த ஊர் பார்த்ததில்லை. வளைவை நீங்கள் விடுங்கள், விழாவை நாங்கள் விடுகிறோம், இரண்டையும் விட்டால் போதுமே, அட, மிச்சமே வருகிறதே! முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. தானாக விழும் வெட்டு முழுசாக ரத்து. ஊஞ்சல், விளக்கு, நாற்பது கொசுப் பணியாளர் எல்லாம் பழையபடி.

கடைசியாக இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். பணி நேரத்தில் பொறுப்பற்ற யோசனை கூறிய ஒப்பந்தப் பணியாளர் சந்தனமாரியை இம்மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது. அதுவும் ஏகமனது. ஜாடியும் பூட்டும் ஒன்றாகக் கை தூக்கியதை எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது ரஹ்மத் அக்கா இல்லை. போய்விட்டாள்.

அக்டோபர் 30

அக்கா வேறு ஜோடி மாற்றிக்கொண்டு மேற்கே போய்விட்டாள். நான் தனியாக நாற்பத்தொரு வீடு பார்த்தேன். போகிற இடமெல்லாம் கைதட்டினார்கள். ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார். அதைத் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டேன். வேலை திரும்பக் கிடைத்த நாளில் இப்படி அழுகை வரும் என்று நினைக்கவில்லை.

அக்டோபர் 31

ஆணை வந்துவிட்டது. நாற்பது பெயரும் இருக்கிறது. கூடவே எனக்கு மட்டும் ஒரு மெமோ. உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். தாமோதரன் சார், "நான் எழுதித் தர்றேன், நீ கையெழுத்த மட்டும் போடு. தயவுசெஞ்சு நீயா எதுவும் எழுதிராத" என்றார்.

மாலையில் பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட ரஹ்மத் அக்கா வந்தாள். போட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அஞ்சு வாரமா நான் திட்டுனேனே, அவன் சோத்துல உப்பு விழட்டும்னு. எல்லாத்தையும் பக்கத்துல நடந்து வந்துக்கிட்டே கேட்டியா?"

"கேட்டேன்கா."

"ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"பயமா இருந்துச்சுக்கா. நீ பேசாம போயிடுவேன்னு பயமா இருந்துச்சு."

அக்கா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். அப்புறம், "இத்தன பேரு முன்னால சொல்லத் தெரியுது, என்கிட்ட சொல்லத் தெரியல. கூறு கெட்டவளே" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நிஜமாகவே வலித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"நிலோஃபரு பெட்டியப் பிரிச்சிட்டா. இனிமே வீட்டுக்குள்ள போனா கொசுவப் பத்தி மட்டும் பேசு" என்றாள் அக்கா.

"சரிக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

நவம்பர் 3

நாளைக்குத் தீபாவளி. மறுபடியும் ஜோடி சேர்ந்து அக்காவும் நானும் கிழக்குத் தெருக்கள் நாலும் முடித்துவிட்டோம். காய்ச்சல் வந்திருந்த குழந்தை ஓடி விளையாடுகிறது. இவர் கடையில் இரண்டு புதுப் போஸ்டர். "வெட்டை விரட்டிய வீராங்கனை" என்று ஒன்று, "வெட்டை வீழ்த்திய வேங்கை" என்று ஒன்று. இந்தத் தடவை அடிவரி வரைக்கும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் அனுப்பினாராம்.

கடைசியாக ஜெயசுதா மேடம் வீடு. போகாமல் விட முடியாது, அட்டையில் இன்றைய தேதி போட்டாக வேண்டும். கண்டனத் தீர்மானம் போட்டவர் என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டே போனேன். மேடம் லட்டு கொடுத்தார். நான் தாமரைத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "சந்தனமாரி, குப்பைக் கிடங்க எந்த வார்டுல வைக்கிறதுன்னு மறுபடியும் இழுபறி. எங்க வார்டுல வேணாம்னு எல்லாருமே சொல்றாங்க. உன் வீட்ல இந்த மாதிரி ஏதாவது வந்தா என்ன செய்வ?" என்றார்.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. நல்ல யோசனை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்தால் ரஹ்மத் அக்கா வாசல் கேட் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டிக்கு ஒரு மூடி போடுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லட்டோடு வெளியே வந்துவிட்டேன்.